பனிக்கரடியோடு ஒரு படம்

"அம்மா, கொஞ்சம் நகருங்க! உங்க தொப்பி என் படத்துக்குள்ள வந்து நிக்குது!"

ஃபோல்க்மார் எரிந்து விழுந்தார். காலையிலிருந்து பனிக்கரடியின் கண்ணாடிச் சுவரோடு கேமராவை ஒட்டவைத்துக் காத்திருக்கிற மனிதருக்குக் கோபம் வராதா? வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் இந்தக் கடலோர விலங்குப் பூங்காவே கதி என்று கிடக்கிறார். வேகா என்ற அந்தக் கரடி இரண்டு காலில் எழுந்து நிற்கிற படம் மட்டும் இன்னும் சரியாக வாய்க்கவில்லை. நாளைக்கு அதை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். இன்று பூங்கா ஊழியர் மேலேயிருந்து மீன் நீட்டும்போது ஒரே ஒரு முறை எழுந்து நிற்கும். அதோடு சரி.

"நானும் அதுக்குத்தான் சார் வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மாள். பெயர் வீப்கே, அறுபதைத் தாண்டியவர். "அது எழுந்து நிக்கும்போது நான் பக்கத்துல நிக்கணும். இந்த போன்ல ஒரு படம் எடுத்துத் தருவீங்களா?"

"நல்லாயிருக்கே! நல்ல படம்னா வேலி தெரியக் கூடாது, கண்ணாடி தெரியக் கூடாது, ஆள் தெரியவே கூடாது. பார்க்கிறவன் வடதுருவத்துல நிக்கிறதா நினைக்கணும்மா!"

"எனக்கு வடதுருவம் வேணாம் சார். கரடி எனக்கு இடது பக்கம், அதோட கை என் தோள்கிட்ட. அது போதும். அதோட முகம் சரியா விழலைன்னாலும் பரவாயில்ல."

"முகம் விழலைன்னா என்ன படம்? கண்ணுதாம்மா படத்துக்கு உயிரு!"

வீப்கே சிரித்துக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார். பிறகு, தான் வாங்கி வந்த மீன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவரிடம் நீட்டினார். வடகடல் காற்று காதை அறுத்தது. ரொட்டி உள்ளே போனதும் ஃபோல்க்மாரின் முறைப்பு கொஞ்சம் இறங்கியது.

"என்ன படம் அது?"

"அப்பாவும் நானும். எங்கம்மாவும் உங்களை மாதிரி கேமராக்காரிதான் சார். கோடை வந்தா கடற்கரை நடைபாதையில நின்னு, வர்றவங்களை எல்லாம் எடுப்பாங்க. அப்பாவும் கூடவே இருப்பாரு. ஊர்ப் பிள்ளைங்க பூரா அந்தக் கேமராவுல விழுந்திருக்கு. என்னையும் எடுங்கன்னு கேட்டா, ஃபிலிம் வீணாயிடும், போடிம்பாங்க. அப்பாவோட நான் இருக்கிற படம் உலகத்துலயே இந்த ஒண்ணுதான்."

"சரி, அதுக்கும் இந்தக் கரடிக்கும் என்ன..."

மேலே வாளிச் சத்தம் கேட்டது. வேகா தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வந்து, கண்ணாடியில் கையை ஊன்றி, முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. அப்பப்பா, என்ன உயரம்!

ஃபோல்க்மாரின் விரல் பொத்தானுக்குப் போனது. வேலி இல்லை, ஆள் இல்லை, கண்ணில் ஒளி. இத்தனை நாள் ஏங்கிய படம். ஓரக்கண்ணில் வீப்கே தெரிந்தார். இவர் திட்டிய திட்டுக்குப் பயந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, ஒதுங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"அட, வாங்கம்மா சீக்கிரம்! போனைக் குடுங்க!" கேமராவை முக்காலியோடு ஓரமாக இழுத்துவிட்டு, அவரைப் பிடித்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். "இடது பக்கம். தலையைச் சாய்ங்க. ஆங்!"

எடுத்து முடித்ததுமே கரடி தொபீரென்று தண்ணீரில் விழுந்தது.

"கண்ணாடியில என் நிழல் விழுந்திருக்கு, மூலையில குப்பைத்தொட்டி வேற. கேவலமான படம்" என்று முணுமுணுத்தபடி போனைக் கொடுத்தார்.

"இல்ல சார், அப்படியே இருக்கு!" வீப்கே கைப்பையைத் திறந்தார். "நீங்களே பாருங்க" என்று பழைய படத்தை அவர் கையில் வைத்தார்.

கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரை நடைபாதை, ஒரு சின்னப் பெண், அவள் தோளில் கைபோட்டபடி ஆளுயரப் பனிக்கரடி.

ஃபோல்க்மார் சத்தமாகச் சிரித்துவிட்டார். "அட, இந்த வேஷக் கரடியா! எங்க வீட்டு ஆல்பத்துலயும் இருக்கே! அதே நடைபாதை. அது என்னைத் தூக்கினதும் நான் போட்ட கூச்சல் இருக்கே! உள்ளேருந்து எவனோ மெதுவா ஒரு பாட்டுப் பாடினான், அப்புறம்தான் அழுகையே நின்னுச்சு." படத்தை மறுபடி உற்றுப் பார்த்தார். "ஆமா, அப்பாவோட எடுத்ததுன்னீங்களே, இதுல அவர் எங்க?"

வீப்கே கரடியின் முகத்தை விரலால் தடவினார்.

"உங்களுக்குப் பாட்டுப் பாடினாரே, அவர்தான் சார். அந்தத் தலையைக் கழட்டறதுக்குள்ள அடுத்த குடும்பம் வந்து நின்னுடுச்சு."