போன வாரம் இருந்த மாதிரி

"போன வாரம் எப்படி இருந்துச்சோ, அப்படியே வேணும் தினேஷ். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊருது."

பெங்களூரு அல்சூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ப்ரூஃப் பார்ப்பவர் பாலசுப்ரமணியன். வயது ஐம்பத்தெட்டு. இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை என்பதைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

கடையின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்க வரும் தினேஷ், அவருடையதைத் தட்டிப் பார்த்தான். வெள்ளிக்கிழமை தானாகவே ஏதோ அப்டேட் ஆகியிருந்தது.

"அப்டேட் ஆகியிருக்கு, அவ்வளவுதான். இதெல்லாம் ஜுஜுபி சார். வியாழக்கிழமை இருந்த நிலைக்குத் திருப்பிடறேன். உங்க ஃபைல் ஒண்ணும் போகாது."

பாலசுப்ரமணியன் குரலைத் தாழ்த்தினார். "அப்டேட்டாவது ஒண்ணாவது! எல்லாம் முதலாளியம்மா வேலை. தினம் நான் வர்றதுக்கு முன்னாடி என் சீட்ல உட்கார்ந்து நோண்டறாங்களாம். வாட்ச்மேன் சொன்னான்."

"எதுக்கு சார்?"

"வேவு பார்க்கத்தான். ஏதாவது தப்பைப் புடிச்சு வெளிய அனுப்பணும். பொண்ணு இன்னும் காலேஜ் முடிக்கல. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்கப்பா போவேன்?"

தினேஷுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷம் உழைத்த மனுஷனை இப்படியா நடத்துவது?

"கவலைய விடுங்க சார். என்ன பண்ணி வெச்சிருக்காங்கன்னு நான் கண்டுபிடிக்கறேன்."

அரை மணி நேரத்தில் கம்ப்யூட்டர் வியாழக்கிழமைக்குத் திரும்பியது. எழுத்துகள் அநியாயத்துக்குப் பெரிசாக வந்து நின்றன. ஒரு வரியில் நாலு வார்த்தைகூடப் பிடிக்கவில்லை.

தினேஷ் திடுக்கிட்டான். பாலசுப்ரமணியனுக்கோ முகமெல்லாம் பல்.

"ஆங், இதான்! இப்பதான் சரியா இருக்கு. என் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல, பார்த்தியா?" என்றபடி டீ குடிக்கக் கிளம்பினார்.

தினேஷ் உள்ளே புகுந்து தேடினான். வேவு பார்க்கிற சாஃப்ட்வேர் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அவன் விடுவதாக இல்லை. நேராக முதலாளி தமயந்தியின் அறைக்குப் போனான்.

"மேடம், தினம் பாலு சார் சிஸ்டத்துல என்ன பண்றீங்க? வயசுல பெரியவர். அவரைப் போய் வேவு பார்க்கறது நல்லாவா இருக்கு?"

தமயந்தி வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"கண்ணாடி போட்டுக்கங்க சார்னு ஒரே ஒரு தடவை சொன்னேன். கண்ணு போனவனுக்கு இங்க என்ன வேலைன்னு அன்னிக்கே ராஜினாமா எழுதிட்டு வந்து நின்னார். அதைக் கிழிச்சுப் போட்டுட்டு அவரை உட்கார வெச்சேன்."

"அப்ப தினம் காலையில..?"

"அவர் கண்ணுல படாம விட்ட பிழையெல்லாம் திருத்தறேன். அப்பப்ப அவருக்குத் தெரியாம எழுத்தைத் துளித்துளியா பெருசாக்கறேன். இன்னும் எவ்வளவு பெருசாக்க முடியும் தினேஷ்?"