நிழலம்மா

"அக்கா, அந்தம்மா இன்னிக்கு என் கட்டில்கிட்ட வந்து நின்னுட்டுப் போச்சு."

டீச்சர் சொன்னதும் பக்கத்துக் கட்டில் அக்காவின் முகம் வெளிறியது.

"நிழலம்மாவா? ஏதாச்சும் பேசிச்சா?"

"பேசல. கால்மாட்டுல நின்னு முகத்தையே உத்துப் பாத்துச்சு. ஒரே மருந்து நெடி. நான் கண்ணைத் தொறந்ததும் சத்தமே இல்லாம போயிடுச்சு."

அக்கா ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள். காலியாகக் கிடந்தது.

"அங்க படுத்திருந்தவகிட்டயும் இப்படித்தான் நின்னுச்சு. மறுநாளே அவளைத் திரும்ப ஆபரேஷனுக்குத் தள்ளிட்டுப் போனாங்க. அதுக்கு முன்னால அந்த மூலைக் கட்டில்... வேணாம், விடு."

டீச்சருக்கு மார்பிலிருந்த கட்டியை எடுத்தாயிற்று. நோய் அங்கேயே நின்றதா, பரவத் தொடங்கியதா என்று பார்க்க, அக்குளிலிருந்து இரண்டு நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே பார்த்ததில் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். முழு ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. இந்த நேரத்திலா எமன் மாதிரி வந்து நிற்க வேண்டும்?

பேயாவது பிசாசாவது என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள்தான். ஆனாலும் கண்ணை மூடவே பயமாக இருந்தது.

காலையில் தலைமை நர்ஸிடம் போய்ப் பொரிந்து தள்ளினாள்.

"கண்டவங்களையும் வார்டுக்குள்ள விடுவீங்களா? இனிமே அந்தம்மா இந்த வாசலைத் தாண்டக் கூடாது."

நர்ஸ் ஏதோ சொல்ல வந்தாள். டீச்சர் இருந்த நிலையைப் பார்த்துவிட்டு, "சரிம்மா, வர மாட்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வரவில்லைதான். ஆனால் மறுநாள் மத்தியானம் டீச்சர் தற்செயலாகத் திரும்பியபோது, கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே சாம்பல் நிறச் சால்வை. அதே அசையாத கண்கள்.

அவள் கத்துவதற்குள் ஆபரேஷன் செய்த டாக்டர் உள்ளே வந்துவிட்டார்.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. ஒரு முடிச்சுக்குள்ள பொடி அளவுக்கு நோய் ஒட்டியிருக்கு. பயப்படாதீங்க, சீக்கிரமே தெரிஞ்சது நல்லதாப் போச்சு. அதுக்கேத்த மாதிரி சிகிச்சையை மாத்திக்கலாம்."

"சுத்தம்னு சொன்னீங்களே டாக்டர்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம். எங்க லேப் டாக்டரம்மா மட்டும் விடல. சந்தேகம் தட்டினா நேரா வந்து அந்த ஆளோட முகத்தைப் பாத்துட்டுப் போவாங்க. பாத்துட்டா, சும்மா கையெழுத்துப் போட மனசு வராதாம். திரும்ப உக்காந்து முடிச்சை இன்னும் மெல்லிசா அறுத்து அறுத்துப் பாப்பாங்க. உங்களுக்கும் அப்படித்தான் கண்டுபிடிச்சாங்க."

டீச்சர் கதவுக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்; சாம்பல் நிறச் சால்வை இன்னும் அங்கேயே நின்றது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நேத்து யாரோ அவங்களைப் பாத்துப் பயந்துட்டாங்களாம். கேள்விப்பட்டதுல இருந்து வாசலோட நின்னுடறாங்க. இப்போ பக்கத்துக் கட்டில் அம்மாவோட முடிச்சு அவங்க மேஜையில இருக்கு."

அவர் போனதும் டீச்சர் காயத்திலிருந்து ரத்தம் வடியும் குழாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க டாக்டர். அக்கா தலையோட போத்திக்கிட்டுத் தூங்கறாங்க. நான் போர்வையை விலக்கிக் காட்டறேன்."