வாய்க்கொழுப்பு

அந்த ஆளின் வாயை யாராவது தைத்துவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

தமுக்கம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி குஸ்தி. நான் வந்திருக்கவே மாட்டேன். கொல்லைக் கதவுக்குத் தாழ் போட்டேனா என்று வேறு சந்தேகம். என் வீட்டுக்காரர் சாம்பசிவம்தான், "இந்தத் தடவை விட்டா இவங்களை எல்லாம் பாக்க முடியாதுடி" என்று இழுத்து வந்துவிட்டார்.

நோட்டீஸில் இருபத்தாறு பயில்வான்கள் பேர். பாதிப் பேர் எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே குஸ்தி போட்டவர்கள். இவரும் பின் பெஞ்சுக்காரர்களும் ஒவ்வொரு பேராகப் படித்து மாய்ந்து போனார்கள். ஒருத்தர் ரெண்டு பேரை ஒரே பிடியில் தூக்கினவராம், இன்னொருத்தர் தொடை தட்டினால் ஆத்துக்கு அந்தக் கரையில் கேட்குமாம். இப்போது ஒருவருக்கு முட்டி போய்விட்டது, இன்னொருவருக்கு இளைப்பு. அதையும் அவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

குஸ்திக் கம்பெனி முதலாளி மைக்கில் அறிவித்தார். ஆள் கூடிப்போய்விட்டதாம். அடுத்த ஊருக்குப் பன்னிரண்டு பேர்தான் போவார்களாம். பழைய பயில்வான்கள் பத்து நிமிஷம் விழாமல் நின்றால் கூட வரலாம். விழுந்தால் இன்றைக்கே மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

மேஜை மேல் ரோஜா மாலைகள் குவிந்து கிடந்தன. அரை மணியில் நாலு பேருக்கு மாலை விழுந்துவிட்டது. நாலாவது ஆள் மாலையோடு எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றார்.

ஐந்தாவதாக முகைதீன் பிச்சை பயில்வான் மேடையேறினார். நம்ம ஊர்க்காரர். ஐம்பது தாண்டியிருக்கும். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அறுபத்தோராம் வருஷம் பயில்வான் ஜெயித்தபோது தோளில் தூக்கிப் போனவர்களில் இவரும் ஒருவராம். இருபதாவது தடவையாகக் கேட்டுக்கொண்டேன்.

எதிரே நின்றவன் பம்பாய்ப் பக்கத்து இளவட்டம். தமிழ் தெரியாது. கன்றுக்குட்டி மாதிரி துள்ளினான்.

மணி அடித்ததுதான் தாமதம், முன் பெஞ்சில் ஒருவன் எழுந்தான்.

"யோவ் கிழவா, யானைமலையைப் பாருய்யா. உன்ன மாதிரிதான் படுத்தே கெடக்கு."

கூட்டம் சிரித்தது. முகைதீன் பிச்சை சட்டென்று திரும்பினார்.

"யாருங்க அது?" என்றேன்.

"செல்லூர்ப் பேயாண்டி. தறி ஓட்டுறவன். வாய்க்கொழுப்பு" என்றார் இவர்.

அதோடு விட்டானா? ஊரைச் சுற்றி நாலு பக்கமும் இருக்கிற மலையை எல்லாம் வம்புக்கு இழுத்தான்.

"திருப்பரங்குன்றம் படி ஏறிப் பாரு, மூச்சு நின்னுரும்."

"அழகர்கோயில் குரங்குக்குப் பொரி போடப் போயா."

ஒவ்வொரு பேச்சுக்கும் பயில்வான் அடிபட்ட மாதிரி உடம்பைத் திருப்பிக்கொண்டார். அவமானம் அவரை எப்படிக் குத்தியிருந்தால் அப்படிப் பதறுவார்? ஆனாலும் விழவில்லை. பாய்ந்து வந்த இளவட்டத்தை ஒவ்வொரு தடவையும் நெஞ்சு கொடுத்துத் தாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. பேயாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். அப்படியே தொண்டை அடைத்துச் சாகட்டும் என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் இளவட்டம் பக்கவாட்டில் வந்து காலை வாரினான். பயில்வான் ஒரு முட்டி ஊன்றிச் சரிந்தார்.

மாலையைக் கையில் எடுத்துவிட்டார் முதலாளி.

"நாகமலைக்கு ஆடு மேய்க்கப் போடா கிழவா" என்று கிழிந்த குரலில் கத்தினான் பேயாண்டி.

பயில்வான் அப்படியே திரும்பி இளவட்டத்தின் இடுப்பைப் பிடித்தார். விடவே இல்லை. உடும்பாகத் தொங்கினார். மணி அடித்தது.

பத்து நிமிஷம்.

மைதானம் எழுந்து கத்தியது. முதலாளி மாலையைத் திரும்ப மேஜையில் வைத்தார். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் விறுவிறுவென்று முன் பெஞ்சுக்குப் போனேன். இவர் சேலைத் தலைப்பைப் பிடித்து, "வம்பு எதுக்குடி?" என்றார். உதறிவிட்டேன். ஒரு வார்த்தையாவது கேட்காமல் வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது.

"ஏண்ணே, மனுசன் பொழப்புக்காக நிக்கிறாரு. அவரைப் போயி இம்புட்டுப் பேரு முன்னாடி கேவலப்படுத்துறீகளே. நல்லாருக்கா?"

பேயாண்டி வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான். எனக்கு இன்னும் எரிந்தது.

அதற்குள் முகைதீன் பிச்சையே துண்டைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்தார். எதிரே நின்ற என் மேல் மோதப் பார்த்தார். நான்தான் விலகினேன். சரிதான், நாலு அறை விடத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

அவர் கையை நீட்டிக் காற்றில் துழாவினார். பேயாண்டி எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

"ஏன் மாப்ள, நாகமலைன்னு சொல்ல இம்புட்டு நேரமாடா? அவன் மேற்கே நிக்கிறது எனக்கு எங்க தெரியுது?" என்றார் பயில்வான்.