தொண்ணூற்றாறாம் பக்கத்துச் செடி

"வேறு யாருக்காவது கேள்வி உண்டா?"

ஆய்வேட்டுத் தேர்வின் முடிவில் தலைவர் சம்பிரதாயத்துக்குக் கேட்பது அது. தேர்வாளர்கள் தங்கள் கேள்விகளை முடித்துவிட்டார்கள். டிசம்பர் குளிரில் சபை ஸ்வெட்டருக்குள் சுருண்டிருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் சமோசாத் தட்டுகள் தயார். இந்த நேரத்தில் யாரும் கை தூக்குவதில்லை.

சுபாஷிணி தூக்கினாள்.

பக்கத்து நாற்காலியில் இருந்த பேராசிரியர் வாசுதேவன் முகத்தைத் திருப்பாமலே தமிழில் முணுமுணுத்தார். "கையை இறக்கும்மா. சமோசா ஆறிண்டிருக்கு."

அவள் இறக்கவில்லை. இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் டீ கப். உள்ளே டீ இல்லை, மண். மண்ணில் விரல் உயரத்துக்கு ஒரு கன்று, கடுகுக்குத் தூரத்து உறவு.

முன்னால் மேஜையில் மெரூன் அட்டை போட்ட ஆய்வேடு கிடந்தது. அதன் தொண்ணூற்றாறாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் வைட்டமின் கே உருவாகும்போது, கடைசி வேலையை ஒரு நொதி செய்கிறது. அந்த நொதி இல்லாத கன்று பிழைக்காது. அறுநூறு கன்றுகளும் பதினான்கே நாளில் வெளுத்துச் செத்தன.

சற்று முன்புதான் அந்த வெளுத்த இலைகளின் படம் திரையில் வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள்.

அறுநூற்று ஒன்றாவது அவள் கையில் இருந்தது.

இரண்டு மாதம் முன்பு, அதே நொதியில்லாத விதையில் கூடுதலாக முளைத்ததைப் பாவம் பார்த்து டீ கப்பில் நட்டு, முனிர்காவில் இருக்கும் தன் வாடகை அறைக்கு எடுத்துப் போயிருந்தாள். அங்கே ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். வெயில் உள்ளே வந்ததே இல்லை.

அந்த மங்கலில் கன்று மூன்றாவது இலை விட்டது. பிறகு நான்காவது.

அவளுக்கு முதல் சந்தேகம் தன்மேல்தான். விதைப் பொட்டலத்தின் சீட்டை மூன்று முறை சரிபார்த்தாள். நேற்று ஓர் இலையைக் கிள்ளி அரைத்துச் சோதித்தாள். வைட்டமின், கடைசி வேலை முடியாமல், அரைகுறைதான். அப்படியானால் நொதி இல்லைதான். அந்த அரைகுறையை வைத்துக்கொண்டே, மங்கிய வெளிச்சத்தில், அது உயிரோடிருந்தது.

ஆய்வுக்கூடத்து அலமாரிகளில் டியூப் லைட்டுகள் எப்போதும் முழுசாக எரியும். அதுதான் வழக்கம். ஒன்றை அணைத்துப் பார்க்கலாமே என்று ஆறு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

இதைக் கேட்டால் பட்டம் இன்று கிடைக்காது. பட்டத்தை நம்பி பெங்களூரில் காத்திருக்கும் வேலையும் போய்விடும். கேட்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் கைதட்டல்.

எழுந்தாள். கப்பை உயர்த்திக் காட்டினாள்.

"இது செத்துப்போகும் என்று தொண்ணூற்றாறாம் பக்கம் சொல்கிறது. ஏன் சாகவில்லை?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். வாசுதேவன் கண்களை மூடிக்கொண்டார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி, கப்பை வெகுநேரம் பார்த்தார். இதற்கு ஆய்வு செய்தவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்.

சுபாஷிணி முன்னால் போனாள். கப்பை ஆய்வேட்டின் மேல் வைத்தாள். அட்டையில் தங்க எழுத்தில் பொறித்திருந்த அவள் பெயர் அதன் அடியில் மறைந்தது.

பிறகு சபையைப் பார்த்துத் திரும்பி, பதில் சொல்லத் தொடங்கினாள்.