சாட்சிப் பெட்டி

செயற்கைக்கோள் ஓசோனைச் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, தெர்மாகோல் பெட்டிக்குள் கருவியை வைத்துப் பலூனில் அனுப்புவார்கள். பலூன் வெடித்ததும் பெட்டி பாராசூட்டில் இறங்கும். விஞ்ஞானி பூங்கோதை அதைத் தேடி ஒரு தோட்டத்துக்கு வந்தபோது, மூடி கழன்ற பெட்டிக்குள் கோழியொன்று உட்கார்ந்திருந்தது. வானத்துக் குளிரில் கருவியைக் காத்த கதகதப்பு அதற்கும் பிடித்துவிட்டது.

“எழுப்பிராதீங்க, முட்டையிடுது” என்றார் தோட்டத்துச் சொந்தக்காரர் சென்னியப்பன்.

“இந்தப் பெட்டிதாங்க எங்களுக்குச் சாட்சி. சேட்டிலைட் தப்புன்னா ரெண்டு வருசம் அளந்ததெல்லாம் வீண்.”

“சாட்சிய அவசரப்படுத்துனா பொய் சொல்லுமுங்க.”

பூங்கோதை சிரித்தபடி வரப்பில் அமர்ந்தாள். ஒருவழியாகக் கோழி கொக்கரித்து எழுந்தது. முட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, அளவுகள் பதிவான கார்டை மடிக்கணினியில் செருகினாள்.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். “எங்கோழி மேல பழி வராதுங்களே?”

திரையில் செயற்கைக்கோளின் கோட்டை ஒட்டியே பலூனின் கோடும் மேலே ஏறிக்கொண்டிருந்தது.