கம்பத்தைச் சுற்றிப் போன மின்சாரம்

ஒரு வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடு ஒன்று இருந்தது. அதில் படியும் தூசியைத் தினமும் துடைத்தவள், கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்த ரெஜினா. அன்று அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். மின்னழுத்தம் குறைந்திருந்ததால் மின்விசிறி சுற்றவே தயங்கியது.

படிக்கட்டின் அடியில் இருந்த வீட்டுக்காரரின் மீட்டரிடம் தகடு கேட்டது: "அண்ணே, மேலே வீட்டுக்காரருக்குப் போக மிஞ்சுவதை ரெஜினா வீட்டுக்குத் திருப்பிவிடுங்களேன்."

"அவர்களுக்குத் தனி மீட்டர், தம்பி. இங்கிருந்து அங்கே ஒயர் இழுத்தால் விதிமீறல். மிஞ்சுவது தெருக் கம்பத்துக்குத்தான்."

"அவர்கள் மின்விசிறிக்கு?"

"அதே கம்பத்திலிருந்து வரும்."

தகடு யோசித்தது. "அப்படியானால் தெருவைச் சுற்றிக்கொண்டு நான் அங்கே போய்விடலாமே."

"போகலாம். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு போக முடியாது."

"பெயர் கிடக்கட்டும்" என்ற தகடு, உச்சி வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொண்டது.

சற்று நேரத்தில் மின்விசிறி வேகமெடுத்தது, குழந்தை கண்ணயர்ந்தது. ரெஜினா சன்னல் வழியே தெருக் கம்பத்தைப் பார்த்து, "இன்னிக்காவது மனசு வச்சியே" என்றாள்.

அதைக் கேட்ட மீட்டர் மாடியை நிமிர்ந்து பார்த்தது. தகடு வேலையில் இருந்தது.