நகல்னு எழுதிக் குடுங்க

"உயிரே போனாலும் அசல் போர்டைத் தர மாட்டேன் சார். ஆனதைப் பாத்துக்குங்க!"

மனைவி போட்ட சத்தத்தில் கணவர் கையிலிருந்த தம்ளர் ஆடிப்போயிற்று. வாசலில் நின்ற அருங்காட்சியக அதிகாரி மட்டும் அசரவில்லை. அவர் கையில் உத்தரவு இருந்தது. சட்டைப்பையில் பூதக்கண்ணாடி வேறு.

"கத்தி என்னம்மா ஆகப்போகுது? நீங்க வேலை பார்த்த கம்பெனி தயாரிச்ச முதல் கம்ப்யூட்டர் அது. பெட்டி எங்ககிட்ட வந்தாச்சு. உள்ளே வைக்க போர்டு வேணும். கம்பெனி சாமான் எல்லாம் எங்களுக்குத்தான்னு உத்தரவு."

"அதைக் குப்பை வண்டியில தூக்கிப் போட்டாங்களே, அன்னிக்கு எங்கே சார் போச்சு உங்க உத்தரவு? வண்டியை மறிச்சு எடுத்தவ நான்!"

மறித்தது அவள்தான். ஆனால் வண்டிக்குள் இறங்கித் துழாவியவர் கணவர். அவர் போட்டிருந்த சட்டையை அவள் அன்றைக்கே எரித்துவிட்டாள் என்பது வேறு கதை.

அந்த வகைக் கம்ப்யூட்டரை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் எங்கெங்கோ ஒரு பதினைந்து பேர் இருப்பார்கள். அவர்களில் யாருடைய போர்டாவது செத்துப்போனால் இவளுக்குத்தான் போன் வரும். எந்தக் கடையிலும் கிடைக்காத அதை, அசலைப் பார்த்துக் கோடு கோடாக வரைந்து, ஈயத்தை உருக்கிச் சால்டர் வைத்து, புதிதாகவே செய்து அனுப்பிவிடுவாள். செய்தது மக்கர் பண்ணினால் அசலோடு ஒத்துப்பார்த்துச் சரிசெய்வாள். அசல் கைவிட்டுப் போனால் அத்தனை பேருடைய கம்ப்யூட்டருக்கும் நாதியில்லை.

"எங்ககிட்ட பத்திரமா இருக்கும்மா" என்றார் அதிகாரி.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள பொணம் மாதிரி இருக்கும். ஒரு தடவையாவது சுவிட்ச் போடுவீங்களா?"

"சுவிட்சா! ஒருத்தரையும் தொடவே விட மாட்டோம்" என்றார் அவர் பெருமையாக.

கணவர் மெல்ல அருகில் வந்தார். "குடுத்துடும்மா. நாளைக்குக் கேஸு, கோர்ட்டுன்னு அலைய முடியுமா?"

"நீங்க சும்மா இருங்க!"

கணவர் சும்மா இருந்தார். முப்பது வருடப் பழக்கம்.

அவள் விறுவிறுவென்று வேலை அறைக்குப் போய் விளக்கைப் போட்டாள். மேசைமேல் இரண்டு போர்டுகள் அருகருகே கிடந்தன.

"ஒண்ணு அசல். இன்னொண்ணு நான் செஞ்சது. எது எதுன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீங்கதான் நிபுணராச்சே, கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டுப் போங்க!"

அதிகாரி சிரித்தார். "இருபத்திரண்டு வருஷ சர்வீஸும்மா எனக்கு."

முதலில் இரண்டையும் கரண்ட் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். இரண்டும் ஓடின. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார். இடப்பக்கத்துப் போர்டு பழுத்து மஞ்சளாகி, சால்டரைச் சுற்றிப் பழுப்புக் கறை படிந்து, இடுக்கெல்லாம் தூசி அப்பிக் கிடந்தது. வலப்பக்கத்தது துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அதன் கண்டென்சர்கள் பளபளத்தன.

"கெட்டிக்காரிதான் நீங்க. கோடெல்லாம் அப்படியே இருக்கு, கோணல்கூட அதே கோணல்! ஆனா நகல் பண்றவங்க எல்லாரும் ஒரே இடத்துல மாட்டிக்குவாங்கம்மா. எவ்வளவு பண்ணினாலும் புதுசு புதுசாத்தான் தெரியும்." இடப்பக்கத்துப் போர்டைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் தூக்கினார்.

கணவர் மேசையை எட்டிப் பார்த்தார். இதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி எதற்கு? பார்த்ததும் தனக்கே தெரிகிறதே! இவ்வளவு வீறாப்புப் பேசிவிட்டு இப்படிக் கோட்டை விட்டுவிட்டாளே என்று மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் முறைத்துக்கொண்டுதான் நின்றாள்.

"அப்ப இது நகல். அதானே?" என்றாள், மேசையில் மிச்சமிருந்ததைக் காட்டி.

"சந்தேகமே இல்லை."

"எழுதிக் குடுங்க. நாளைக்கு வந்து இதையும் குடுன்னு நிப்பீங்க. உங்களை நம்ப முடியாது."

அதிகாரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. 'இது நகல். இதன்மேல் அருங்காட்சியகத்துக்கு எந்த உரிமையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார்.

ஜீப் தெருமுனை திரும்பும்வரை கணவர் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து மனைவியின் தோளைத் தொட்டார்.

"விடும்மா. போனது போகட்டும். உன் கைக்கு என்ன, இன்னும் பத்து செஞ்சுக்கலாம்."

அவள் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஃபைலில் வைத்தாள். "பேட்டரி ஒழுகி, செம்புக் கோடுகளையெல்லாம் அரிக்க ஆரம்பிச்சுது. தேய்ச்சுக் கழுவி, கண்டென்சர் அத்தனையும் புதுசா மாத்தித்தான் இத்தனை வருஷமா அசலை ஓட வெச்சிருக்கேன். தினமும் ஓடுற போர்டு எப்படிங்க அவ்வளவு அழுக்கா இருக்கும்?"

"அப்ப... அவர் தூக்கிட்டுப் போனது?"

"போன மாசம் அவங்க லெட்டர் வந்ததுமே நான் செஞ்சது. கறை ஏத்தத்தான் பத்து நாள் ஆச்சு!"